இரண்டு பந்தியில் பிறந்த பிளவு



பெரியார் என்று சொன்னாலே நம்மில் ஒரு பக்கம் கைதட்டும், இன்னொரு பக்கம் முகம் சுளிக்கும். சாமி கும்பிடுகிறவன் ஒரு கட்சி, கும்பிடாதவன் ஒரு கட்சி என்று லயத்துக்குள்ளேயே பிரிந்து நிற்கிறோம். இந்தப் பிரிவு எங்கே முளைத்தது? அவர் வாழ்க்கையைப் பார்த்தால் விளங்கும்.

ஈ.வெ. ராமசாமி 1879 செப்டம்பர் 17-இல் ஈரோட்டில், பக்தி மிகுந்த வணிகர் வீட்டில் பிறந்தார். பள்ளிப் படிப்பு கொஞ்சம்தான். ஊரில் நகரசபைத் தலைவரானார். தேவஸ்தானக் கமிட்டிக்கும் தலைவராக இருந்தார். ஆமாம், கோயில் நிர்வாகம் பார்த்தவர்தான்! 1919-இல் காங்கிரசில் சேர்ந்து கதர் மூட்டை சுமந்தார். கள் ஒழிய வேண்டுமென்று தம் தோப்புத் தென்னைகளையே வெட்டச் செய்தார். மறியல் செய்து சிறை போனார்.

1924-இல் திருவாங்கூர் வைக்கத்தில், கோயிலைச் சுற்றிய தெருவில் கீழ்ச்சாதி என்று ஒதுக்கப்பட்டவர்கள் நடக்கக் கூடாதென்ற தடையை எதிர்த்து இரண்டு தடவை சிறைப்பட்டார்.

அதே சமயம் சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் ஒரு குருகுலம் நடத்தி வந்தார். காங்கிரஸ் அதற்குப் பணம் கொடுத்தது. அங்கே பிராமணப் பிள்ளைகள் இருவருக்குத் தனிச் சாப்பாடு. பெற்றோர் விருப்பம், ஆசாரம் என்றார்கள். பொதுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் பந்தி ஏன் இரண்டு என்று பெரியாரும் டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் கேட்டார்கள். 1925 நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டில், எல்லா வகுப்பாருக்கும் உத்தியோகத்திலும் பதவியிலும் பங்கு வேண்டுமென்ற அவருடைய தீர்மானத்தை எடுத்துக்கொள்ளவில்லை. அன்று வெளியேறியவர் காங்கிரசுக்குத் திரும்பவே இல்லை.

கவனியுங்கள். சண்டை கடவுள் உண்டா இல்லையா என்று தொடங்கவில்லை. யார் எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது, யார் எந்தத் தெருவில் நடப்பது என்றுதான் தொடங்கியது. அந்த அநீதிக்கு மதத்தைக் காவல் வைத்தார்கள். அதனால் அவர் மதத்தையே எதிர்க்கப் போனார்.

1929 டிசம்பரில் பினாங்கில் வந்து இறங்கி, மலாயாவிலும் சிங்கப்பூரிலும் பேசினார். தோட்டங்களில் சாதிக்கொரு லயம் இருந்த காலம் அது. அவர் பேச்சு பலரை நிமிர வைத்தது. பக்தர்கள் பலரைப் புண்படுத்தவும் செய்தது. 1954-இல் மறுபடியும் வந்தார்.

காலம் போகப் போக இரு தரப்பும் இறுகிவிட்டன. 1953-இல் பிள்ளையார் உருவங்களை உடைத்தார். 1971-இல் சேலம் ஊர்வலத்தில் ராமர் படம் அவமதிக்கப்பட்டதென்று எதிர்க்கட்சிகள் அதையே தேர்தல் பிரசாரமாக்கின. ஆனால் தி.மு.க. 184 இடங்களில் ஜெயித்தது. மதத்தை ஓட்டுக்கு இழுத்தால் வீட்டுக் கஷ்டம் பின்னுக்குப் போய்விடும், பகை மட்டும் மிஞ்சும்.

ஆனால் அந்த மனிதர் பகையோடு வாழவில்லை. காஞ்சிபுரத்தில் தலைமை வகித்த திரு.வி.க. சிறந்த பக்தர், சென்னையில் தொழிற்சங்கம் வளர்த்தவர். அவரிடம் பெரியாருக்கு மரியாதை உண்டு. குன்றக்குடி அடிகளார் அவருடைய நண்பர். அரசியலில் நெடுங்காலம் எதிர்த்த ராஜாஜி 1972 டிசம்பர் 25-இல் இறந்தபோது, சக்கர நாற்காலியில் மயானத்துக்குப் போய்க் கண்ணீர் விட்டார். அடுத்த ஆண்டு டிசம்பர் 24-இல் தாமும் மறைந்தார்.

கெடாவில் உள்ள நமக்கு இதில் பாடமுண்டு. 1947-இல் பீடோங் பக்கம் கள்ளுக்கடையை எதிர்த்து எழுந்தவர்கள் தோட்டத் தொழிலாளர்கள்தாம். இன்று தோட்டம் கைமாறினால் வீடு, கோயில், தமிழ்ப்பள்ளி மூன்றுமே ஆபத்தில் நிற்கின்றன. வெளியேற்றும் நோட்டீசு, விபூதி பூசிய நெற்றியா வெறும் நெற்றியா என்று பார்த்து வருவதில்லை.

கும்பிடுகிறவர் கும்பிடட்டும், மறுக்கிறவர் மறுக்கட்டும். கோயிலிலும் சங்கத்திலும் பந்தி மட்டும் ஒன்றாக இருக்கட்டும். பெரியார் முதலில் கேட்டது அதைத்தானே?