தீயணைப்பு, இன்சூரன்ஸ், இடிதாங்கி: மூன்றுக்கும் பின்னால் ஒரே மனிதர்

அமெரிக்காவின் 100 டாலர் நோட்டில் இருக்கும் முகம் பெஞ்சமின் ஃபிராங்க்ளினுடையது. ஆனால் அவர் ஒருநாளும் அந்நாட்டு ஜனாதிபதியாக இருந்ததில்லை. இடிமழையில் பட்டம் விட்டவர், சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டவர் என்றுதான் நமக்குத் தெரியும். அதைவிட நம் வீட்டுக்கு நெருக்கமான ஒரு வேலையையும் அவர் செய்திருக்கிறார். தீப்பிடிக்காமல் இருக்க என்ன செய்வது, பிடித்தால் யார் அணைப்பது, எரிந்துபோனால் யார் பணம் தருவது? இந்த மூன்று கேள்விக்கும் 1735-க்கும் 1752-க்கும் இடையில், ஃபிலடெல்ஃபியா என்ற ஒரே ஊரில், பக்கத்து வீட்டுக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு பதில் தேடினார்.

பிறந்தது 1706-ல், பாஸ்டனில். அப்பாவுக்கு மெழுகுவத்தியும் சோப்பும் செய்யும் தொழில். மொத்தம் 17 பிள்ளைகள். பள்ளிப் படிப்பு இரண்டு வருடத்தோடு நின்றது. 12 வயதில் அண்ணன் ஜேம்ஸின் அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். 16 வயதில், ஒரு விதவைப் பெண் எழுதுவது போல அண்ணனின் பத்திரிகைக்கே ரகசியமாகக் கடிதங்கள் எழுதிப் போட்டார். அதில் ஒன்று, கணவனை இழந்த பெண்களுக்காக எல்லோரும் பணம் போட்டு ஒரு நிதி வைக்கலாம் என்றது. யோசனை அவருடையது அல்ல, எழுத்தாளர் டேனியல் டீஃபோவிடமிருந்து எடுத்தது. ஆனாலும் 16 வயதுப் பையன் அதைத் தேடிப் பிடித்தான் என்பதைக் கவனிக்க வேண்டும். அடுத்த வருடமே அண்ணனோடு ஒத்துப்போகாமல் ஃபிலடெல்ஃபியாவுக்கு ஓடிப்போனார். அங்கே சொந்த அச்சகம், சொந்தப் பத்திரிகை என்று வளர்ந்தார்.

அந்த ஊரில் 1730-ல் துறைமுகப் பக்கம் பெரிய தீ விபத்து நடந்தது. குளிருக்கு அறைக்கு அறை நெருப்பு மூட்டும் ஊர் அது. 1735 பிப்ரவரியில் ஃபிராங்க்ளின் தன் பத்திரிகையிலேயே, வயதான ஒரு குடிமகன் எழுதுவது போல ஒரு கடிதம் வெளியிட்டார். இன்றைக்கு வாட்ஸ்அப்பில் வரும் பாதுகாப்பு டிப்ஸ் மாதிரிதான் அது. ஒரே வித்தியாசம், ஒவ்வொன்றும் உருப்படியானது. தணலைத் திறந்த கரண்டியில் அறை விட்டு அறை கொண்டுபோகாதீர்கள், மூடிய பாத்திரத்தில் எடுத்துப் போங்கள், ஒரு பொறி மாடிப்படி இடுக்கில் விழுந்தால் நள்ளிரவில்தான் தெரியும் என்றார். புகைபோக்கி சுத்தம் செய்பவர்களுக்கு மேயர் லைசென்ஸ் தர வேண்டும், சுத்தம் செய்த 15 நாளுக்குள் புகைபோக்கி தீப்பிடித்தால் அபராதம் வீட்டுக்காரருக்கு அல்ல, சுத்தம் செய்தவருக்கு என்றும் எழுதினார். ஊரில் தீயணைப்பு இயந்திரங்களும் உண்டு, ஓடிவரும் ஆட்களும் உண்டு, யார் எதைச் செய்வது என்ற ஒழுங்குதான் இல்லை என்பது அவருடைய புகார்.

அந்த ஒழுங்குதான் 1736 டிசம்பர் 7 அன்று யூனியன் ஃபயர் கம்பெனியாக வந்தது. சம்பளம் கிடையாது, எல்லோரும் தன்னார்வலர்கள். ஒவ்வொரு உறுப்பினரும் சொந்தச் செலவில் தோல் வாளிகளும் கெட்டியான துணிப் பைகளும் எப்போதும் தயாராக வைத்திருக்க வேண்டும். வாளி தண்ணீருக்கு. பை, எரியும் வீட்டிலிருந்து பொருளை அள்ளி வெளியே கொண்டுவர. அப்படி எடுத்து வைத்த பொருளை யாரும் திருடாமல் பார்த்துக்கொள்ளவும் ஆட்கள் உண்டு. மாதம் ஒரு கூட்டம், வராவிட்டால் அபராதம். அந்தப் பணத்தில்தான் ஏணியும் தீயணைப்பு இயந்திரமும் வாங்கினார்கள். கூட்டம் அதிகமானதும், புதிதாகச் சேர வந்தவர்களைத் தனியாக இன்னொரு கம்பெனி தொடங்கச் சொன்னார்கள். இப்படியே ஊர் முழுக்கப் பரவியது.

இந்தச் சாதனைக்குச் சரியாக 16 நாள் முன்னால், நவம்பர் 21 அன்று, ஃபிராங்க்ளினின் நான்கு வயது மகன் ஃபிரான்சிஸ் பெரியம்மையில் இறந்திருந்தான்.

அப்போது இன்றைய தடுப்பூசி கிடையாது. நோயாளியின் கொப்புளத்திலிருந்து கொஞ்சம் எடுத்து, நல்ல உடம்பில் கீறி வைக்கும் முறை மட்டும் இருந்தது. ஆபத்து உண்டு, ஆனால் இயல்பாக வரும் அம்மையைவிட மிகக் குறைவு. ஃபிராங்க்ளின் அந்த முறையை நம்பியவர், ஆதரித்து எழுதியவர். (அண்ணன் ஜேம்ஸின் பத்திரிகையோ 1721-ல் அதைக் கடுமையாக எதிர்த்தது.) குழந்தைக்கு வயிற்றுப்போக்கு இருந்ததால், உடம்பு தேறட்டும் என்று தள்ளிப்போட்டார். அதற்குள் அம்மை வந்துவிட்டது.

அம்மை குத்தியதால்தான் பையன் செத்தான் என்று ஊரில் வதந்தி கிளம்பியது. மகனைப் புதைத்து ஆறு வாரம்கூட ஆகாத நிலையில், அது பொய், அவனுக்குக் குத்தவே இல்லை என்று அந்த அப்பா தன் பத்திரிகையில் அச்சடித்துச் சொன்னார். வதந்தியை நம்பி மற்ற பெற்றோர் பின்வாங்கிவிடக் கூடாது என்பது அவர் கவலை. வயதான பிறகு எழுதிய சுயசரிதையிலும் இந்த வருத்தத்தை மறைக்காமல் பதிவுசெய்தார்.

இன்சூரன்ஸுக்கு வருவோம். இதை ஃபிராங்க்ளின் கண்டுபிடிக்கவில்லை. 1666-ல் லண்டன் எரிந்த பிறகே அங்கு தீ காப்பீடு தொடங்கிவிட்டது. அமெரிக்கக் காலனிகளிலேயே சார்ல்ஸ்டனில் ஒரு சங்கம் இருந்தது, 1740-ல் நடந்த ஒரே தீ விபத்தில் திவாலாகிப் போனது. 1752-ல் ஃபிராங்க்ளினும் தீயணைப்பு நண்பர்களும் தொடங்கிய ஃபிலடெல்ஃபியா கான்ட்ரிபியூஷன்ஷிப் லண்டன் சங்கம் ஒன்றின் மாதிரியைப் பின்பற்றியது. லாபம் பார்க்கும் முதலாளி என்று யாரும் கிடையாது, பாலிசி எடுத்தவர்களே சொந்தக்காரர்கள். ஏழு வருடத்துக்கு ஒரு டெபாசிட் கட்ட வேண்டும். முதல் வருடம் 143 பாலிசிகள்.

பாலிசி தருவதற்கு முன் ஆள் வந்து வீட்டைப் பார்ப்பார். சுவர் செங்கல்லா மரமா, அடுப்பு எப்படி, பக்கத்தில் என்ன தொழில் என்று பார்த்து, ஆபத்துக்கு ஏற்ற மாதிரி தொகை கேட்பார்கள். அதாவது வீட்டைப் பத்திரமாக வைத்தால் செலவு குறையும். கிளெய்ம் எடுக்காமல் ஒரு வருடம் வண்டி ஓட்டினால் நமக்கு ரினியூவலில் தள்ளுபடி கிடைப்பதும் இதே பாணி யோசனைதான். கறாராகவும் இருந்தார்கள்: 1781-ல், வாசலில் மரம் நிற்கும் வீடுகளுக்கு இன்சூரன்ஸ் இல்லை என்று முடிவெடுத்தார்கள். தீயணைக்க மரம் இடைஞ்சல் என்பது காரணம். மரத்தை வெட்ட மனமில்லாதவர்கள் 1784-ல் போட்டியாக ஒரு கம்பெனி தொடங்கி, பச்சை மரத்தையே சின்னமாக வைத்துக்கொண்டார்கள். பழைய கம்பெனியின் சின்னம் ஒன்றையொன்று பற்றிய நான்கு கைகள். அது இன்றைக்கும் இயங்கிக்கொண்டிருக்கிறது.

பட்டம் விட்டதும் அதே 1752-ல்தான். அதை யாரும் செய்து பார்க்கக் கூடாது. அடுத்த வருடம் ரஷ்யாவில் இதே மாதிரி மின்னல் சோதனை செய்த விஞ்ஞானி ரிச்மேன் மின்சாரம் தாக்கி இறந்தார். ஃபிராங்க்ளினுக்குப் பட்டம் வெறும் சோதனை, இடிதாங்கிதான் நோக்கம். கூரைமேல் கூர்மையான கம்பி, அங்கிருந்து மண்ணுக்குள் வரை இரும்பு. இதைச் செய்யும் முறையை 1753-ம் வருடத்துக்கான தன் பஞ்சாங்கத்தில் யார் வேண்டுமானாலும் படித்துச் செய்யும்படி அச்சிட்டார். காப்புரிமை வாங்கவில்லை. கடவுளின் கோபத்தைத் தடுப்பதா என்று எதிர்ப்பு வந்தது. 1755-ல் பாஸ்டன் பக்கம் நிலநடுக்கம் வந்தபோது, மண்ணில் இடிதாங்கிகள் இறக்கிய மின்சாரம்தான் காரணம் என்று ஒரு பாதிரியார் எழுதினார்.

தூதராகப் பல வருடம் பிரான்ஸில் இருந்துவிட்டு 1785-ல் ஃபிராங்க்ளின் ஊர் திரும்பினார். பிறகு வீட்டில் வேலை நடந்தபோது இடிதாங்கியைப் பார்த்தால், உச்சியில் இருந்த செம்பு முனை உருகிப் போயிருந்தது. அவர் இல்லாத நேரத்தில் மின்னல் விழுந்திருக்கிறது. வீட்டுக்கு ஒரு கீறலும் இல்லை.

1790 ஏப்ரல் 17 அன்று, 84 வயதில் அதே வீட்டில் இறந்தார். 1812-ல் வீட்டை இடித்துவிட்டார்கள். பின்னாளில் அங்கே நினைவிடம் கட்ட வந்தவர்களுக்கு வீடு எப்படி இருந்தது என்று காட்ட ஒரு ஓவியம்கூடக் கிடைக்கவில்லை. அதனால் 1976-ல் வீட்டின் வெளிவடிவை மட்டும் இரும்புச் சட்டங்களால் நிறுத்தினார்கள். உள்ளே என்ன இருந்தது என்பதற்குக் கிடைத்த நல்ல சாட்சிகளில் ஒன்று, 1766-ல் இன்சூரன்ஸ் கம்பெனி ஆள் வந்து பார்த்து எழுதிவைத்த குறிப்பு.