உங்க பிள்ளையின் புத்தகத்தில் ஒரே ஒரு வரி... யார் இந்த ரேச்சல் கார்சன்?

உங்க வீட்டில் ஆறாவதோ, ஏழாவதோ, எட்டாவதோ படிக்கிற பிள்ளை இருக்கா? அப்படின்னா ஜூன் மாதக் கூட்டத்தில் புத்தகக் கடை வாசலில் நின்ற அனுபவமும் இருக்கும். பாடப்புத்தகம், நோட்டு, அட்லஸ் எல்லாம் வாங்கி முடித்த பிறகு, லிஸ்ட்டின் கடைசியில் சுற்றுச்சூழல் அறிவியலுக்குன்னு ஒரு ரெஃபரன்ஸ் புக் இருக்கும். பில்லைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கிட்டே அதையும் வாங்கியிருப்பீங்க. வருஷம் முடியும்போது அதிகம் கசங்காமல் இருப்பதும் அந்தப் புத்தகம்தான்.

இன்னிக்கு ராத்திரி அதை ஒரு தடவை எடுத்துப் புரட்டுங்க. உணவுச் சங்கிலி பாடத்தில் ஒரு படம் இருக்கும். கீழே தண்ணீர், அதில் கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிரிகள், அதுக்கு மேலே சின்ன மீன், பெரிய மீன், உச்சியில் ஒரு பறவை. மேலே போகப் போக புள்ளிகள் நெருக்கமாகிக்கிட்டே போகும். அந்தப் புள்ளிகள்தான் விஷம். பல புத்தகங்களில் பக்கத்திலேயே ஒரு கட்டம் போட்டு ஒரு பெண்ணின் பெயரும், 1962 என்ற வருஷமும் கொடுத்திருப்பாங்க. ஒரு மார்க் கேள்விக்கு அது போதும்.

ஆனா, அந்த ஒரு வரிக்குப் பின்னாடி இருக்கும் கதையை உங்க பிள்ளைக்கு நீங்கதான் சொல்லணும். ஏன்னா, அது புத்தகத்தில் இருக்காது.

ரேச்சல் கார்சன் பிறந்தது 1907 மே 27. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், ஸ்பிரிங்டேல் என்ற சின்ன ஊர். வீட்டைச் சுற்றி அறுபது ஏக்கருக்கு மேல் நிலமும் தோப்பும் இருந்தது, ஆனால் கையில் காசு இல்லை. அப்பா எந்தத் தொழிலிலும் நிலைக்காதவர். வீட்டுக்கு அச்சாணி, அம்மா மரியா. கடைக்குட்டிப் பெண்ணைக் கூட்டிக்கிட்டு தோப்பில் சுற்றுவதும், பறவையின் பெயர், பூச்சியின் பெயர் சொல்லிக் கொடுப்பதும் அவருக்கு தினசரி வேலை. பதினோரு வயதில் ரேச்சல் எழுதின கதை ஒரு சிறுவர் பத்திரிகையில் அச்சானது. அன்னிக்கே முடிவாயிடுச்சு, பெரியவளானா எழுத்தாளர்தான்னு.

கல்லூரியில் ஆங்கில இலக்கியம் எடுத்தார். ஃபீஸ் கட்ட அம்மா பியானோ வகுப்பு எடுத்தார், வீட்டிலிருந்த பீங்கான் பாத்திரங்களைக்கூட விற்றார். நடுவில் உயிரியல் பேராசிரியை ஒருவரின் வகுப்பில் உட்கார்ந்த ரேச்சல், இலக்கியத்தை விட்டுட்டு உயிரியலுக்கு மாறினார். நம்ம வீட்டில் ஒரு பொண்ணு மூன்றாம் வருஷத்தில் குரூப் மாத்தணும்னு வந்து நின்னா என்ன நடக்கும்னு கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. எழுத்துதான் போச்சே என்று அவரே வருத்தப்பட்டார். எழுதுவதற்கான விஷயமே அங்கேதான் இருக்குன்னு புரிய இன்னும் சில வருஷம் ஆச்சு.

வேடிக்கை என்னன்னா, பிற்காலத்தில் கடலைப் பற்றி எழுதி உலகப் புகழ் பெற்ற அவர், முதன்முதலில் கடலைப் பார்த்ததே 1929-ல், 22 வயதில்தான். கடல் உயிரியல் ஆய்வகம் இருந்த வுட்ஸ் ஹோலில், ஒரு கோடைக்காலத்தில்.

1932-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் முதுகலை முடித்தார். டாக்டர் பட்டம் வரைக்கும் போகப் பணம் இல்லை. 1935-ல் அப்பா இறந்தார். குடும்பம் முழுக்க அவர் தலையில். மீன்வளத் துறையில் ரேடியோவுக்கு எழுதும் தற்காலிக வேலை கிடைத்தது. ஏழு ஏழு நிமிஷமாக 52 நிகழ்ச்சிகள், எல்லாமே கடல் உயிர்களைப் பற்றி. விஞ்ஞானிகள் எழுதிக்கொடுத்தால் ஜனங்களுக்குப் புரியலை, வெறும் எழுத்தாளர்கள் எழுதினால் தப்பு வருது. இரண்டும் தெரிந்த ரேச்சலுக்கு அது கைவந்தது. ஒரு தடவை துறையின் கையேட்டுக்கு அவர் எழுதிய முன்னுரையைப் படித்த மேலதிகாரி, இது சர்க்கார் கையேட்டுக்குத் தாங்காது, பெரிய பத்திரிகைக்கு அனுப்பு என்று திருப்பிக் கொடுத்துட்டார். 1937-ல் அது 'அட்லான்டிக்' பத்திரிகையில் வந்தது. அதே வருஷம் அக்கா இறந்துபோக, அக்காவின் இரண்டு மகள்களும் ரேச்சலின் பொறுப்பானார்கள்.

பகலில் ஆபீஸ், ராத்திரியில் எழுத்து, கையெழுத்துப் பிரதியை டைப் அடித்துக் கொடுப்பது அம்மா. முதல் புத்தகம் 1941 நவம்பரில் வெளியானது. அடுத்த மாதமே பேர்ல் துறைமுகத்தில் குண்டு விழுந்து, அமெரிக்கா போரில் இறங்கிடுச்சு. யார் புத்தகம் வாங்குவாங்க? பத்து வருஷம் கழித்து, 1951-ல் வந்த 'தி சீ அரவுண்ட் அஸ்' எல்லாத்தையும் மாற்றியது. நியூயார்க் டைம்ஸின் விற்பனைப் பட்டியலில் 86 வாரம் இருந்தது. மறுவருஷம் அரசு வேலையை விட்டார். 1958-ல் அதே நூலைச் சிறுவர்களுக்காகச் சுருக்கி, படங்களோட தனிப் பதிப்பாகவும் போட்டார்கள். பெரியவங்க படிக்கிற நல்ல அறிவியல் புத்தகத்தைப் பிள்ளைகள் கைக்கும் கொண்டுபோக முடியும் என்பதற்கு அது அந்தக் காலத்து உதாரணம்.

இத்தோட நிறுத்தியிருந்தால், நிம்மதியான ஒரு வாழ்க்கை. மெய்ன் மாநிலக் கடற்கரையில் ஒரு சின்ன வீடு, ஜன்னலைத் திறந்தால் அலைகள், கையில் அடுத்த புத்தகம்.

1957-ல் அவர் வளர்த்த அக்கா மகள்களில் ஒருத்தி இறந்தார். அவருடைய ஐந்து வயது மகனை ரேச்சல் தத்தெடுத்துக்கொண்டார். வயசு 49. கூட வயதான அம்மா. அந்த நேரத்தில்தான், 1958 ஜனவரியில், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் டக்ஸ்பரியிலிருந்து ஒரு தோழியின் கடிதம் வந்தது. கொசுவை ஒழிக்க விமானத்திலிருந்து டி.டி.டி தெளித்ததில், தன் வீட்டைச் சுற்றிப் பறவைகள் செத்து விழுந்த வேதனையை அவர் எழுதியிருந்தார்.

டி.டி.டி என்றால் உங்களுக்குத் தெரியும். முனிசிபாலிட்டிக்காரங்க மலேரியாவுக்குச் சுவரில் அடித்துவிட்டுப் போன மருந்தை உங்க தாத்தா பாட்டி நல்லா ஞாபகம் வச்சிருப்பாங்க. அதன் பூச்சிகொல்லும் ஆற்றலைக் கண்டுபிடித்த பால் முல்லருக்கு 1948-ல் நோபல் பரிசே கொடுத்தார்கள். அப்படிப்பட்ட மருந்தைக் கேள்வி கேட்க அன்னிக்கு யாருக்கும் மனசு வரலை. ரேச்சலும் தானே எழுதணும்னு முதலில் நினைக்கவில்லை. 'சார்லட்ஸ் வெப்' எழுதிய ஈ.பி.வைட்டிடம், நீங்க எழுதுங்களேன்னு கேட்டார். அவர், நீங்களே எழுதுங்கன்னு திருப்பிவிட்டார்.

எழுத ஆரம்பித்த வருஷமே, டிசம்பரில் அம்மா போய்ச் சேர்ந்தார். 1960-ல் மார்பகப் புற்றுநோய். ஏப்ரலில் ஆபரேஷன் நடந்தது. அது புற்றுநோய்தான் என்பதை டாக்டர் அவரிடம் மறைத்துவிட்டார். டிசம்பரில் வேறொரு மருத்துவரிடம் போன பிறகுதான், நோய் பரவிவிட்டது என்ற உண்மை தெரிந்தது. அந்தக் காலத்தில் பெண் நோயாளியிடம் இப்படி மறைப்பது சாதாரணம். எனக்குப் படிக்கும்போதெல்லாம் கோபம் வரும் இடம் இது. கதிர்வீச்சு சிகிச்சை, மூட்டில் தொற்று, கண்ணில் அழற்சி. சில வாரங்கள் படிக்கவே முடியாமல், உதவியாளர் வாசிக்க வாசிக்கக் காதால் கேட்டுத் திருத்தினார்.

இப்போ உங்க பிள்ளையின் புத்தகத்தில் இருக்கும் அந்தப் படத்துக்கு வருவோம். அதை மனப்பாடம் செய்யச் சொல்லாமல் இப்படிச் சொல்லிக் கொடுங்க. கலிபோர்னியாவில் கிளியர் லேக் என்று ஒரு ஏரி. அங்கே மீன்பிடிக்க வருபவர்களுக்குக் கொசு மாதிரி இருக்கும், ஆனால் கடிக்காத ஒரு பூச்சியால் தொல்லை. 1949-லும், பிறகு இரண்டு தடவையும் டி.டி.டி-க்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரியான ஒரு ரசாயனத்தை ஏரியில் கலந்தார்கள். பிந்தைய தடவைகளில் கலந்த அளவு, 5 கோடி பங்கு தண்ணீருக்கு 1 பங்கு. ஒன்றுமே இல்லாத அளவு மாதிரிதான் தோணுது, இல்லையா? கொஞ்ச நாளில் முக்குளிப்பான் பறவைகள் செத்து மிதந்தன. சோதித்துப் பார்த்தால், மிதவை உயிரிகளில் 10 லட்சத்துக்கு 5 பங்கு. அதைத் தின்ற மீன்களில் 40-லிருந்து 300 பங்கு. மீனைத் தின்ற பறவையின் கொழுப்பில் 1,600 பங்கு. கணக்குப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்க, தண்ணீரில் கலந்ததைவிட 80,000 மடங்கு வரும். அந்த ரசாயனம் தண்ணீரில் கரைந்து வெளியேறாது, கொழுப்பில் போய்த் தங்கிக்கொள்ளும். அதனால்தான் ஒவ்வொரு வாயிலும் சேர்ந்துகொண்டே போகுது. ஆயிரம் ஜோடி இருந்த ஏரியில் 1960-ல் மிஞ்சியது சுமார் 30 ஜோடி.

இந்த மாதிரி சம்பவங்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி எழுதியதுதான் 'சைலன்ட் ஸ்பிரிங்', அதாவது மௌன வசந்தம். 1962 ஜூனில் 'நியூயார்க்கர்' பத்திரிகையில் தொடராக ஆரம்பித்து, செப்டம்பரில் நூலானது. ஆதாரப் பட்டியல் மட்டுமே 55 பக்கம். தாக்குதல் வரும் என்று தெரிந்தேதான் அப்படிச் சேர்த்தார். வந்தது. வழக்கு மிரட்டல், கேலிக் கட்டுரைகள், கம்யூனிஸ்ட் என்ற பட்டம். கல்யாணம் ஆகாத பெண்ணுக்கு அடுத்த தலைமுறையைப் பற்றி என்ன கவலை என்றுகூடப் பேசினார்கள். வீட்டில் ஒரு பத்து வயதுப் பையனை வளர்த்துக்கொண்டிருந்தவரைப் பார்த்து!

நோயைப் பற்றி அவர் வெளியில் மூச்சுவிடவில்லை. தெரிந்தால், வியாதிக்காரியின் ஆத்திரம் என்று புத்தகத்தையே ஒதுக்கிவிடுவார்கள் என்ற பயம். தலைமுடி உதிர்ந்ததற்கு விக், நடக்க முடியாததற்கு மூட்டுவலி என்ற காரணம். 1963 ஏப்ரல் 3 அன்று சி.பி.எஸ் தொலைக்காட்சி அவரைப் பற்றிய நிகழ்ச்சியை ஒளிபரப்பியது. அதற்கு முன்பே ஐந்து விளம்பரதாரர்களில் மூன்று பேர் விலகிக்கொண்டார்கள். மே மாதம், அதிபர் கென்னடி அமைத்த அறிவியல் குழுவின் அறிக்கை பெருமளவு அவர் பக்கம் நின்றது. ஜூன் 4 அன்று செனட் குழுவின் முன் சாட்சி சொன்னார். பூச்சிமருந்தே கூடாதுன்னு அவர் எங்கேயும் சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, யாரையும் கேட்காமல் தெளிக்காதீர்கள் என்பதுதான் அவர் வாதம். இதைப் பல புத்தகங்கள் இன்னிக்கும் தப்பாத்தான் எழுதுது.

1964 ஏப்ரல் 14 அன்று, 56 வயதில் இறந்தார். 1972-ல் அமெரிக்கா டி.டி.டி-யைத் தடை செய்ததை அவர் பார்க்கவில்லை. இங்கே விவசாயத்தில் அதைத் தடை செய்தது 1989-ல். பள்ளிகளில் சுற்றுச்சூழலைப் பாடமாக்கச் சொல்லி நம்ம உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 1991-ல். உங்க பிள்ளை பையில் அந்த ரெஃபரன்ஸ் புக் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

அவர் போனபோது வளர்ப்பு மகனுக்கு 12 வயது. நம்ம ஏழாவது படிக்கிற பிள்ளையின் வயசு. அவன் கைக்குழந்தையாக இருந்தபோதே, ராத்திரியில் போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு மழையில் அலை பார்க்கப் போனவர் அவர். டார்ச் அடித்து நண்டு தேடியிருக்கிறார்கள், மழையில் நனைந்த காட்டில் பாசியைத் தொட்டுப் பார்த்திருக்கிறார்கள். பெயர் சொல்லிக் கொடுக்கும் பாடமாக இல்லாமல், சும்மா கூடவே நடந்ததை 1956-ல் ஒரு பெண்கள் பத்திரிகையில் கட்டுரையாக எழுதினார். அதைப் பெரிய புத்தகமாக விரிக்க ஆசைப்பட்டார், நேரம் கிடைக்கவில்லை. அவர் இறந்த மறுவருஷம், அந்தக் கட்டுரையைப் புகைப்படங்களோட 'தி சென்ஸ் ஆஃப் வொண்டர்' என்ற பெயரில் வெளியிட்டார்கள். சின்னப் புத்தகம்தான். அதில் பயிற்சி வினாக்கள் கிடையாது.