டார்சி குதிச்ச அந்த ஏரி நாவல்லயே இல்லை! - ஜேன் ஆஸ்டின் வாழ்க்கையும் ஒரு பிபிசி சீரியலும்

ஈரம் சொட்டும் வெள்ளைச் சட்டையோடு, கோட்டைக் கையில் பிடித்தபடி ஒருவர் புல்வெளியில் இறங்கி வருவார். எதிரில் வரும் பெண் திகைத்து நிற்பாள். ரீல்ஸ் பார்க்கிற ஆளா இருந்தா இந்த சீனை ஒருமுறையாவது பார்த்திருப்பீங்க. 1995-ல் பிபிசியில் ஆறு எபிசோடுகளாக வந்த 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' தொடரின் நாலாவது எபிசோடு அது. மிஸ்டர் டார்சியாக காலின் ஃபிர்த், எலிசபெத் பென்னட்டாக ஜெனிஃபர் ஈல்.

நாவலில் அந்த ஏரிக் குளியலே கிடையாது. டார்சி சொன்ன நாளுக்கு முன்னாடியே வீட்டுக்கு வந்துவிடுகிறார், லாயத்துப் பக்கம் இருந்து நடந்து வருகிறார், எலிசபெத்தைப் பார்க்கிறார், ரெண்டு பேர் முகமும் சிவக்கிறது. அவ்வளவுதான். சட்டை காய்ஞ்சுதான் இருக்கு! குளியலைச் சேர்த்தவர் திரைக்கதை எழுதிய ஆண்ட்ரூ டேவிஸ்.

அப்போ இந்த சீரியல் நாவலுக்கு நியாயம் செஞ்சுதா, இல்லையா? அதை எழுதின பெண்ணோட கதையைக் கேட்டுட்டு நீங்களே முடிவு பண்ணுங்க.

ஜேன் ஆஸ்டின் 1775 டிசம்பர் 16-ம் தேதி, இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயர் பகுதியில் ஸ்டீவென்டன் என்ற கிராமத்தில் பிறந்தார். அப்பா பாதிரியார். எட்டுப் பிள்ளைகளில் ஜேன் ஏழாவது. ஆறு பையன்கள், ரெண்டே பெண்கள். அக்கா கசாண்ட்ராதான் கடைசி வரைக்கும் அவருக்கு எல்லாம். வீடு நிறைய புத்தகங்கள், கை நிறைய பணம் இல்லை. பையன்கள் வேலை தேடிக்கொள்ளலாம். அந்தக் காலத்தில் அந்தக் குடும்பத்துப் பெண்களுக்குக் கல்யாணம் ஒன்றுதான் வேலை.

20 வயதில் ஒரு நாவலை எழுத ஆரம்பித்து அடுத்த வருடமே முடித்தார். அப்போது அதன் பெயர் 'ஃபர்ஸ்ட் இம்ப்ரெஷன்ஸ்'. 1797-ல் அப்பாவே லண்டன் பதிப்பாளர் ஒருவருக்குக் கடிதம் போட்டார். பிரதியைப் படித்துப் பார்க்கக்கூட சம்மதிக்காமல் அடுத்த தபாலிலேயே மறுப்பு வந்துவிட்டது. நாவல் பெட்டிக்குள் போனது.

அடுத்து வருவதுதான் முக்கியமான இடம். 1802 டிசம்பர் 2-ம் தேதி. தோழிகள் வீட்டில் தங்கியிருந்த ஜேனிடம் அவர்களின் தம்பி ஹாரிஸ் பிக்-விதர் கல்யாணத்துக்குக் கேட்டார். அவருக்கு வயது 21, பெரிய எஸ்டேட்டின் வாரிசு. ஜேனுக்கு 27 ஆக இன்னும் ரெண்டே வாரம். சரி என்றார். மறுநாள் காலையில் எழுந்து வந்து, முடியாது என்றார்.

அந்த ராத்திரி என்ன யோசித்தார் என்பதைச் சொல்லும் கடிதம் எதுவும் கிடையாது. தங்கையின் கடிதங்களில் பெரும்பகுதியை கசாண்ட்ரா பிற்காலத்தில் எரித்துவிட்டார். ஆனா கணக்கு ரொம்ப சிம்பிள். தலையாட்டியிருந்தா சாகிறவரை சொந்த வீடு, வயசான அப்பா அம்மாவுக்கு நிம்மதி, கல்யாணம் ஆகாத அக்காவுக்கு ஒரு இடம். அத்தனையையும் ஒரே காலையில் வேண்டாம்னு சொன்னவங்க அவங்க.

விலையும் கொடுத்தார். 1805-ல் அப்பா இறந்ததும் அம்மா, அக்கா, ஜேன் மூவரும் சகோதரர்கள் தரும் பணத்தை நம்பி வீடு மாறி வீடு மாறி வாழ்ந்தார்கள். பாத், சவுத்தாம்ப்டன் என்று ஊர்களும் மாறின. அந்த வருடங்களில் அவர் பெரிதாக எதையும் எழுதி முடிக்கவில்லை. பணக்கார உறவினர்களுக்குத் தத்துப்போயிருந்த அண்ணன் எட்வர்ட், 1809-ல் சாட்டன் கிராமத்தில் ஒரு வீட்டைக் கொடுத்தார். நிலையான கூரை கிடைத்ததும் பழைய பெட்டி திறந்தது. 'ஃபர்ஸ்ட் இம்ப்ரெஷன்ஸ்' நாவலை வெட்டிச் செதுக்கினார். 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' ஆக 1813 ஜனவரியில் அது வெளிவந்தது. உரிமையை மொத்தமாக 110 பவுண்டுக்கு விற்றுவிட்டதால், அவர் இருக்கும்போதே அடுத்தடுத்த பதிப்புகள் வந்தும் கையில் ஒரு பென்னி கூட சேரவில்லை. இத்தனைக்கும் கதையில் டார்சியின் ஆண்டு வருமானம் 10,000 பவுண்டு!

இப்போ சீரியலுக்கு வருவோம். அதில் ஷார்லட் லூகாஸ் என்று ஒரு தோழி வருவாள். வயது 27. எலிசபெத் வேண்டாம் என்று தள்ளிய அசட்டுப் பாதிரியார் காலின்ஸை, தெரிந்தே, காதல் துளியும் இல்லாமல் கட்டிக்கொள்வாள். ஜேன் வேண்டாம்னு விட்ட வாழ்க்கை மாதிரியே இல்ல? காலின்ஸ் வீட்டுக்கு எலிசபெத் விருந்தாளியாகப் போகும் காட்சியைப் பாருங்கள். புருஷனைத் தோட்ட வேலைக்கு அனுப்பிவிட்டு, தனக்கென்று ஓர் அறையில் எப்படி நாளை ஓட்டுகிறாள் என்று ஷார்லட் அமைதியாகச் சொல்வாள். முகத்தில் அழுகை இல்லை, புகார் இல்லை. லூசி ஸ்காட் அதை அப்படி அடக்கி நடித்திருக்கிறார். ஏரியை விட எனக்கு இந்தச் சின்ன அறைதான் பெரிய சீன். எலிசபெத்துக்கு டார்சி கிடைத்தார். நிறைய பேருக்கு இந்த அறை மட்டும்தான் கிடைத்தது என்பதை ஜேன் மறைக்கவில்லை. சீரியலும் மறைக்கவில்லை.

சறுக்கியது அம்மா கேரக்டரில். ஐந்து பெண்கள், வீடு எப்போது வேண்டுமானாலும் தூரத்து ஆண் உறவினருக்குப் போய்விடும். அந்த வீட்டில் அதைப் பற்றிப் பதறும் ஒரே ஆள் மிஸஸ் பென்னட். நாவலும் அவரைக் கிண்டல்தான் செய்கிறது. ஆனால் அலிசன் ஸ்டெட்மேன் எடுத்த உச்சஸ்தாயிக் கீச்சுக்குரலில் அந்தப் பயம் காணாமல் போய், சிரிப்பு மட்டும் மிஞ்சிவிட்டது. புத்தகங்களுக்குள் ஒளிந்துகொள்ளும் அப்பா என்னவோ நல்லவர் மாதிரியே தப்பித்துவிடுகிறார். கொஞ்சம் அநியாயம்!

டார்சிக்குக் கிடைத்ததோ எக்ஸ்ட்ரா கவனிப்பு. வாள் சண்டைப் பயிற்சி, குளியல் தொட்டி, ஜன்னலோர ஏக்கம் என்று அவர் தனியாக வரும் காட்சிகள் நாவலில் இல்லாதவை. கதை எலிசபெத்தின் கண் வழியாகவே பெரும்பாலும் நகர்வதால், அவரைப் போலவே நாமும் டார்சியைத் தப்பாக எடைபோடுவோம். சீரியல் அவர் மனசை முன்னாடியே காட்டிவிடுவதால் அந்த அதிர்ச்சி பாதியாகிறது. காதலுக்கு லாபம், கதைக்கு நஷ்டம். சரிக்கட்டுவது ஜெனிஃபர் ஈல். பேசாமல் கண்ணாலேயே கேலி செய்யும் அந்த முகத்துக்காகவே ஆறு எபிசோடும் தாங்கும்.

இன்னொண்ணு, நம்ம ஊர் 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' (2000) படம் இவரோட 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி' நாவல்தான். வீட்டை இழந்து தபுவும் ஐஸ்வர்யா ராயும் சென்னைக்குக் கிளம்பும்போது உங்களுக்கு வலிச்சதே, அது ஜேன் பட்ட வலி.

1817 ஜூலை 18-ல், வின்செஸ்டர் நகரில் 41 வயதில் ஜேன் இறந்தார். உயிரோடு இருந்தவரை எந்தப் புத்தகத்திலும் அவர் பெயர் அச்சாகவில்லை. முதல் நாவலில் ஒரு சீமாட்டி எழுதியது என்று மட்டும் போட்டார்கள். எழுத்தில் அவர் சம்பாதித்தது மொத்தமே 600 பவுண்டுக்குக் கொஞ்சம் மேல். வின்செஸ்டர் தேவாலயத்தில் அவர் கல்லறைக் கல் அவரது குணத்தைப் புகழ்கிறது. எழுதினார் என்பதைச் சொல்லவே இல்லை.

2017-ல் இங்கிலாந்தின் 10 பவுண்டு நோட்டில் அவர் படம் வந்தது. படத்துக்குப் பின்னால் ஒரு மாளிகை தெரியும். அது ஜேன் வீடு இல்லை, அண்ணன் எட்வர்டோடது.