கண்ணிழந்த பாடகர் வில்லி ஜான்சன்

கற்றவர் கல்வியின் அருமையைக் கூறுதல் இயல்பு. எழுத்தைக் கண்ணாற் காணாத ஒருவர் அவ்வருமையைப் பாட்டாக்கித் தெருவில் நின்று பாடினாரெனின், அது வியப்பன்றோ? அத்தகையாரொருவரது வாழ்வை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

வில்லி ஜான்சன் 1897-ஆம் ஆண்டு அமெரிக்காவிலுள்ள டெக்சஸ் மாகாணத்தில், கறுப்பின மக்களிடையே ஓர் எளிய குடியிற் பிறந்தார். இளமையிலேயே கண்ணொளி இழந்தார். கிதார் வாசிக்கப் பயின்று, நகரத் தெருக்களிற் கிறிஸ்தவப் பாடல்களைப் பாடி, வழிப்போக்கர் இட்ட காசினால் உயிர் வாழ்ந்தார். அம்மக்கள் தம் துயரைப் பாடும் புளூஸ் இசையும் ஆலயப் பாடலும் அவர் குரலில் ஒன்றாய்க் கலந்தன.

1927-ஆம் ஆண்டு டிசம்பர் 3-ஆம் நாள், டாலஸ் நகரிற் கொலம்பியா கம்பெனியார் அவர் பாடல்கள் ஆறனை இசைத்தட்டுக்கெனப் பதிவு செய்தனர். அவற்றுள் ஒன்று, பிழை தன்னுடையதே, பிறருடையதன்று என்னும் பொருள்படப் பெயர் பெற்றது. படிக்கக் கற்றும் வேதத்தைப் படியாமல் ஒருவன் ஆத்துமா கெடுமாயின், அக்குற்றத்தைப் பிறர்மேற் சுமத்தலாகாது என்பது அதன் கருத்து. அதிற் சில அடிகளை அவர் பாடி முடிப்பதில்லை. எஞ்சிய சொல்லைக் கிதாரின் தந்தியே பாடி முடிக்கின்றது.

1930-க்குப் பின் அவர் பாடலெதுவும் பதிவாகவில்லை. இறுதியில் பியூமாண்ட் நகரில் அவர் வாழ்ந்த வீடு தீக்கிரையாயிற்று. எரிந்தெஞ்சிய அவ்வீட்டிலேயே தங்கியவர், 1945-ஆம் ஆண்டு செப்டம்பர் 18-ஆம் நாள் காய்ச்சலால் இறந்தார்.

பாடகர் மறைந்தும் பாட்டு மறைந்திலது. 1969-இல் நீனா சிமோன் அம்மையார் அதனைப் பியானோவுடன் பாடினார். 1976-இல் லெட் செப்பெலின் என்னும் ஆங்கிலக் குழுவினர் வேத வாசிப்பைப் பற்றிய சொற்களை நீக்கி, வேறு சொற்கள் பெய்து பாடினர். ஆக்கியோரெனத் தம்முள் இருவர் பெயரையே பொறித்தனர். முன்னோர் பொருளைப் பின்னோர் எடுத்தாளுதல் குற்றமன்று. எனினும், வழிநூல் செய்வோன் தன் நூல் வந்த வழியைப் பாயிரத்திற் கூறல் வேண்டுமென இலக்கணம் பயிலும் நமக்கு, அவ்வேழைப் பாடகரின் பெயர் விடுபட்டமை நெஞ்சை உறுத்துகின்றது.

ஆயினும் அவர் முற்றும் மறக்கப்பட்டாரல்லர். அதே நாளிற் பதிவான மற்றொரு பாடலிற் சொற்களே இல்லை. கெத்செமனே இரவைப் பற்றிய பழைய ஞானப்பாட்டொன்றினின்று அது பெயர் பெற்றது. அவரது முனகலும் தந்தியொலியும் அடங்கிய அப்பாடலைப் பொன்முலாம் பூசிய தட்டிற் பதித்து, 1977-இல் வாயேஜர் விண்கலங்கள் இரண்டிலும் வைத்தனுப்பினர். அவற்றுள் முதலாவது 2012-இல் விண்மீன்களின் இடைவெளியை அடைந்தது.

தெருவில் நின்றவர் குரல் அத்துணைத் தொலைவு சென்றது. நாமோ கண்ணுடையோம், கல்லூரி நூல்நிலையமும் நமக்குத் திறந்திருக்கின்றது. படியாது நாளைக் கழிப்போமாயின், அப்பிழையை யார்மேற் சுமத்துவோம்?