ஐசக் நியூட்டனின் பள்ளிப்பருவம்

ஆப்பிள் பழம் விழக் கண்டு ஆராயத் தொடங்கிய ஐசக் நியூட்டனை அறியாதார் இலர். அவர் பள்ளியில் கடைநிலை மாணாக்கராய் இருந்த செய்தியை அறிந்தோர் சிலரே.

இங்கிலாந்து நாட்டில் ஊல்ஸ்தார்ப் என்னும் சிற்றூரில், 1642-ஆம் ஆண்டு, அந்நாட்டுப் பழைய நாட்காட்டியின்படி கிறிஸ்துமஸ் நாளன்று நியூட்டன் பிறந்தார். தந்தையார் மூன்று திங்களுக்கு முன்னரே இறந்துவிட்டார். குழந்தை ஒரு சிறு குவளைக்குள் அடங்கிவிடும் என்று சொல்லும்படி மெலிந்திருந்தது. மூன்று வயது நிரம்பியதும் தாயார் மறுமணம் செய்துகொண்டு வேற்றூர் சென்றார். சிறுவன் ஐசக் பாட்டியின் ஆதரவில் வளர்ந்தான்.

பன்னிரண்டாம் வயதில் கிராந்தம் நகரப் பள்ளியில் சேர்ந்து, மருந்து வணிகர் ஒருவர் இல்லத்தில் தங்கிப் பயின்றான். அவன் உள்ளம் பாடத்தில் பதியவில்லை. சுண்டெலியைக் கொண்டு சுழலும் சிறு காற்றாலையும், நிழற்கடிகாரங்களும் செய்வதிலேயே பொழுது கழிந்தது. இரவில் காற்றாடியின் வாலில் காகித விளக்கைக் கட்டிப் பறக்கவிட்டு ஊராரை அஞ்சச் செய்ததும் உண்டு. இத்தகையவன் தேர்ச்சி வரிசையில் கடைசியில் நின்றது வியப்பன்று.

ஒருநாட் காலை பள்ளிக்குச் செல்லும் வழியில், வரிசையில் அவனுக்கு அடுத்து மேலிடத்திலிருந்த மாணாக்கன் அவனை வயிற்றில் ஓங்கி உதைத்தான். வலியையும் இழிவையும் நெஞ்சில் அடக்கிக்கொண்டு அன்றைய பாடவேளை முழுவதையும் ஐசக் கழித்தான். பள்ளி விட்டதும், உதைத்தவனைச் சண்டைக்கு அழைத்தான். இருவரும் தேவாலய முற்றத்தை அடைந்தனர். மாற்றான் உடல் வலிமையில் மிக்கவன்; ஆயினும் ஐசக்கின் உள்ள உறுதி அவனிடம் இல்லை. இனிப் போரிடேன் என்று அவன் ஒப்புக்கொள்ளும் வரையில் ஐசக் விடவில்லை. வேடிக்கை பார்த்து நின்ற ஆசிரியர் மகன், தோற்றவனைக் கோழையாக நடத்துமாறு தூண்டவே, ஐசக் அவன் காதுகளைப் பற்றி இழுத்து மூக்கைச் சுவரில் தேய்த்தான். பணிந்தவனிடம் இழைத்த இச்செயல் போற்றத்தக்கதன்று. பிறர் தூண்டுதலால் நேர்ந்தது.

அத்துடன் ஐசக்கின் மனம் அமைதியுறவில்லை. முற்றத்தில் வீழ்ந்தவன் வகுப்பில் இன்னும் அவனுக்கு மேலிடத்திலேயே வீற்றிருந்தானல்லவா? அவ்விடத்தையும் வெல்ல வேண்டும் என்று உறுதி பூண்டு படிக்கலானான். விரைவில் அம்மாணாக்கனை முந்தினான். அம்மட்டில் நில்லாது, படிப்படியாக உயர்ந்து பள்ளியிலேயே முதல்வனானான்.

இடையில் 1659-ஆம் ஆண்டில் தாயார் அவனை உழவு வேலைக்கு அழைத்துக்கொண்டார். அவனோ வேலிநிழலில் அமர்ந்து நூல் பயில, காவலற்ற கால்நடைகள் பிறர் நிலத்தில் மேய்ந்தன. அதற்காகத் தண்டமும் கட்ட நேர்ந்தது. தலைமையாசிரியர் ஸ்டோக்ஸ் தாயாரிடம் பன்முறை வேண்டிக்கொண்டார். பள்ளிக்கட்டணமாகிய நாற்பது ஷில்லிங்கையும் தாமே விட்டுக்கொடுப்பதாகக் கூறினார். ஐசக் மீண்டும் பள்ளிக்கு வந்தான்.

1661-ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் நகரத்து டிரினிட்டி கல்லூரியில் சேர அவன் புறப்படும் நாள் வந்தது. ஸ்டோக்ஸ் அவனைப் பள்ளியில் அனைவரும் காணுமிடத்தில் நிறுத்தி, மாணாக்கர் முன்னிலையில் அவன் கல்வியையும் ஒழுக்கத்தையும் பாராட்டினார். ஒருகால் கடைசி வரிசையில் நின்றவனைப் பற்றிப் பேசுகையில் அவ்வாசிரியர் கண்களில் நீர் துளித்தது.