ஜி. யு. போப்

ஜி. யு. போப் எனப் பரவலாக அறியப்படும் ஜார்ஜ் யூக்ளோ போப் (ஏப்ரல் 24, 1820 - பெப்ரவரி 11, 1908) கிறித்தவ சமயப் பரப்புநர், பள்ளித் தலைமையாசிரியர், தமிழறிஞர் ஆவார். திருக்குறள், நாலடியார், திருவாசகம் ஆகியவற்றை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர் என்ற வகையிலேயே இவர் பெரிதும் நினைவுகூரப்படுகிறார். எனினும் இவரது வாழ்நாளின் பெரும்பகுதி பள்ளிகளில் கற்பிப்பதிலும், வேற்றுமொழியினர் தமிழைக் கற்பதற்கான பாடநூல்களை எழுதுவதிலும் கழிந்தது.

பிறப்பும் இளமையும்

போப் கனடாவில் உள்ள பிரின்ஸ் எட்வர்ட் தீவில் ஜான் போப், கேதரின் யூக்ளோ இணையருக்கு மகனாகப் பிறந்தார். பெற்றோர் இருவரும் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியைச் சேர்ந்தவர்கள். 1826 ஆம் ஆண்டில் குடும்பம் இங்கிலாந்து திரும்பி பிளிமத் நகரில் குடியேறியது. இறையியலாளரான வில்லியம் பர்ட் போப் இவருடைய தம்பி ஆவார். பரி, ஹாக்ஸ்டன் ஆகிய இடங்களில் இருந்த வெசுலிய சபைப் பள்ளிகளில் இவர் கல்வி பயின்றார். தென்னிந்தியாவில் சமயப் பணி செய்வதெனத் தமது பதினான்காம் வயதிலேயே முடிவு செய்தார். ஹாக்ஸ்டனில் இருந்தபோதே தமிழ் கற்கத் தொடங்கிவிட்டார்.

தமிழகம் வருகை

1839 ஆம் ஆண்டில் போப் சென்னைக்கு வந்தார். இராமானுசக் கவிராயரிடம் இவர் தமிழ் இலக்கண இலக்கியங்களைப் பாடம் கேட்டார். மரபுவழித் தமிழ்க் கல்வியில் மாணவன் நூற்பாக்களை முதலில் மனனம் செய்வான். பின்னர் ஆசிரியரிடம் உரை கேட்பான். தமிழைத் தாய்மொழியாகப் பேசும் ஒருவனுக்கு இம்முறை ஏற்றது. மொழியையே புதிதாகக் கற்க வரும் அயலாருக்கு இது பெருந்தடையாக இருந்தது. இவ்விடர்ப்பாட்டைத் தாமே பட்டறிந்தவர் போப். பிற்காலத்தில் இவர் எழுதிய பாடநூல்களின் அமைப்பில் இதன் தாக்கத்தைக் காணலாம்.

சாயர்புரம்

பின்னர் போப் இங்கிலாந்துத் திருச்சபையில் இணைந்து, 1843 இல் உதவிக் குருவாகவும் 1845 இல் குருவாகவும் திருநிலைப்படுத்தப்பட்டார். தூத்துக்குடிக்கு அருகிலுள்ள சாயர்புரத்தில் இவர் அமைத்த கல்விக்கூடத்தில் கிராமத்து மாணவர்களுக்கு ஆங்கிலத்துடன் செம்மொழிகளும் கற்பிக்கப்பட்டன. ஆசிரியப் பணிக்கும் திருச்சபைப் பணிக்கும் உள்ளூர் இளைஞரை உருவாக்குவது அதன் நோக்கமாக இருந்தது. 1841 இல் இவர் மணந்த மேரி கார்வர், 1845 இல் தூத்துக்குடியில் காலமானார்.

போப்பின் கல்விப் பணிக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. இவர் மிகக் கண்டிப்பானவர். இவரது கடும் ஒழுங்குமுறைக்கு எதிராக மாணவரிடையே அவ்வப்போது சிறு கிளர்ச்சிகள் எழுந்தன. இறுதியில் அவையே இவர் சாயர்புரத்தை விட்டு விலகக் காரணமாயின. உடன் பணியாற்றிய கால்டுவெல் இவரது திறமையை மதித்தபோதிலும், இக்கண்டிப்பையே பெருங்குறையாகக் கருதினார்.

தஞ்சாவூர்

1849 இல் சென்னையில் ஹென்றியட்டா வான் சொமரன் என்பவரை மணந்து இங்கிலாந்து சென்ற போப், 1851 இல் திரும்பி வந்து தஞ்சாவூரில் பணியாற்றினார். இங்கும் இவருக்குப் பிணக்குகள் நேர்ந்தன. லூத்தரன் சபையினருடன் ஏற்பட்ட பூசலில் இவர் 1853 இல் ஒரு துண்டு நூலும் வெளியிட்டார். எனினும் தமிழ் கற்பித்தலில் இவரது முதன்மையான ஆக்கங்கள் வெளிவந்ததும் இக்காலப்பகுதியிலேயே ஆகும்.

தமிழ்ப் பாடநூல்கள்

ஐரோப்பியருக்காகத் தமிழ் இலக்கணம் எழுதும் முயற்சி போப்புக்கு முன்பே தொடங்கியது. சீகன்பால்கின் இலக்கணம் 1716 இல் இலத்தீனில் வெளிவந்தது. வீரமாமுனிவர் கொடுந்தமிழுக்கு இலத்தீனில் இலக்கணம் வகுத்தார். இரேனியுசு ஆங்கிலத்தில் எழுதினார். இவை பெரும்பாலும் விதிகளை விளக்கும் நூல்கள். போப் 1855 இல் வெளியிட்ட தமிழ்க் கைந்நூல் பாடங்களாகவே அமைந்தது. எளியதிலிருந்து அரியதற்குச் செல்லும் படிமுறையில், ஒவ்வொரு பாடத்திலும் சில விதிகளும் சொற்களும் தரப்பட்டு, மொழிபெயர்ப்புப் பயிற்சிகள் சேர்க்கப்பட்டன. பயிற்சிகளுக்கான விடைகள், தமிழ்-ஆங்கில அகராதி, ஆங்கில-தமிழ் அகராதி, உரைநடை வாசகம் ஆகியவை காலப்போக்கில் இதன் தனிப் பகுதிகளாயின. செய்யுள் வழக்கை விடுத்து, நடைமுறைத் தமிழிலிருந்து தொடங்கியது இந்நூலின் சிறப்பாகும். இதன் ஏழாம் பதிப்பு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆக்ஸ்போர்டில் அச்சிடப்பட்டது.

தமிழ் மாணவருக்காகவும் இவர் வினாவிடை வடிவில் இலக்கண நூல்களை எழுதினார். அவற்றுள் மூன்றாவதான பெரிய இலக்கணம், நன்னூல் முதலியவற்றின் கருத்துகளைப் பள்ளி மாணவருக்கு ஏற்ப விளக்குவது.

உதகமண்டலமும் பெங்களூரும்

1859 இல் உதகமண்டலத்தில் ஓர் இலக்கணப் பள்ளியை நிறுவிய போப், 1870 வரை அதன் தலைமையாசிரியராக இருந்தார். 1864 இல் இவருக்கு இறையியலில் டாக்டர் பட்டம் வழங்கப்பட்டது. அதன்பின் பெங்களூரில் பிஷப் காட்டன் பள்ளியின் தலைவராகப் பொறுப்பேற்றார். அப்பள்ளியின் மாணவர் இல்லங்களுள் ஒன்று இவர் பெயரால் அழைக்கப்படுகிறது.

ஆக்ஸ்போர்டு

1880களின் தொடக்கத்தில் இந்தியாவை விட்டுச் சென்ற போப், 1884 இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் தமிழ், தெலுங்கு விரிவுரையாளராக நியமிக்கப்பட்டார். சென்னை மாகாணத்தில் பணியாற்றவிருந்த இந்தியக் குடிமைப் பணிப் பயிற்சியாளர்கள் இங்குத் தென்னிந்திய மொழிகளைக் கற்றனர். 1886 இல் இப்பல்கலைக்கழகம் இவருக்கு மதிப்புறு முதுகலைப் பட்டம் அளித்தது. 1888 முதல் பேலியல் கல்லூரியின் குருவாகவும் இவர் இருந்தார்.

1330 குறட்பாக்களையும் ஆங்கிலச் செய்யுளில் தந்த இவரது நூல் 1886 இலும், நாலடியார் மொழிபெயர்ப்பு 1893 இலும் வெளிவந்தன. திருவாசகத்தை மொழிபெயர்க்க எண்ணியபோது, அதனை முடிக்கும் வரை தம் ஆயுள் நீடிக்குமோ என இவர் ஐயுற்றார். பெரும்பணி ஒன்றைக் கைக்கொண்டிருப்பதே நெடுநாள் வாழும் வழி எனப் பேலியல் கல்லூரித் தலைவர் ஜோவெட் இவரை ஊக்கினார். ஜோவெட் 1893 இல் மறைந்தார். போப்பின் திருவாசக மொழிபெயர்ப்பு, அவருடைய எண்பதாம் பிறந்தநாளையொட்டி 1900 இல் வெளிவந்தது.

மறைவும் நினைவும்

1906 இல் அரச ஆசியக் கழகம் இவருக்குத் தங்கப் பதக்கம் வழங்கியது. 1908 பெப்ரவரி 11 இல் காலமான இவரது உடல் ஆக்ஸ்போர்டில் புனித செபுல்கர் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

தம்மைத் தமிழ் மாணவன் எனக் கல்லறையில் பொறிக்குமாறு போப் வேண்டினார் என்பது தமிழகத்தில் பரவலாக வழங்கும் செய்தியாகும். ஆனால் கல்லறையில் அத்தொடர் இல்லை. பல்கலைக்கழகத்திலும் பேலியல் கல்லூரியிலும் இவர் வகித்த பொறுப்புகளும், கீழைநாட்டு இலக்கியத்துக்கும் மெய்யியலுக்கும் இவர் ஆற்றிய வாழ்நாள் உழைப்பும் அதில் குறிக்கப்பட்டுள்ளன. இவருடைய குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் சேர்ந்து அக்கல்லை நிறுவினர் என்ற குறிப்பும் அதில் உண்டு.

1968 இல் நடைபெற்ற இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டிச் சென்னை மெரீனா கடற்கரையில் இவருக்குச் சிலை நிறுவப்பட்டது. மாணவர் கிளர்ச்சியால் இவர் விட்டுச் சென்ற அதே சாயர்புரத்தில், இவர் பெயரைத் தாங்கிய போப் கல்லூரி இன்று இயங்கி வருகிறது.