நாவலரவர்களும் அச்சியந்திரமும்

ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலரவர்கள் 1822ஆம் வருஷம் டிசெம்பர் மாதம் 18ந் திகதி நல்லூரிலே கந்தப்பிள்ளைக்கும் சிவகாமியம்மையாருக்கும் புதல்வராய்ப் பிறந்தார்கள். இவர்களுடைய பிரசங்கமும் கண்டனமும் நம் ஆசிரியர்கள் பலகாலுங் கேட்டறிந்தனவே. நூல்களைத் தாமே அச்சிட்டு வெளிப்படுத்திய செயலொன்றையே ஈண்டு எடுத்துக்கொள்கின்றோம்.

யாழ்ப்பாணத்து உவெஸ்லியன் மிஷன் பாடசாலையிலே கற்று, அங்கேயே ஆசிரியராயமர்ந்து, பேர்சிவல் பாதிரியார் பைபிளைத் தமிழ்ப்படுத்தியபோது இவர்கள் துணைபுரிந்தார்கள். ஒரு நூல் எத்துணைத் திருத்தம் பெற்று அச்சேறுகின்றதென்பதை அங்கே நன்கறிந்திருப்பார்களென்பது நம் கருத்து. மானிப்பாயிலே அமெரிக்க மிஷனார் 1834 முதல் அச்சுக்கூடம் நடாத்தினர். 1841இல் உதயதாரகைப் பத்திரிகையுந் தோன்றிற்று. சைவப் பிள்ளைகளுக்கோ பெரும்பாலும் ஏட்டுச்சுவடியே கதி. ஏடெழுதுவோன் ஒருவன் செய்த பிழையை அடுத்தவன் இரண்டாக்குவான். மிஷன் பாடசாலையிலே கற்ற யாம், கையிற் கொடுக்கப்படும் அச்சுப்புத்தகம் சிறுவர் மனத்தை எவ்வளவு எளிதிற் பிணிக்குமென்பதை அறிவோம்.

1848இலே அவ்வுத்தியோகத்தை விடுத்து, வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தார்கள். பாடசாலை உண்டாயிற்று, பாடப்புத்தகம் இல்லை. அது குறித்தே 1849இலே மாணாக்கராகிய சதாசிவப்பிள்ளையோடு சென்னைக்கு யாத்திரை செய்தார்கள். திருவாவடுதுறை ஆதீனத்தார் நாவலரென்னும் பட்டமளித்தது இந்த யாத்திரையிலேதான். சென்னையிலே சூடாமணி நிகண்டுரையையும் சௌந்தரியலகரியுரையையும் அச்சிடுவித்து, அச்சியந்திரமொன்றும் வாங்கி மீண்டார்கள். வண்ணார்பண்ணையிலே நிறுவிய அதற்கு வித்தியாநுபாலன யந்திரசாலையெனப் பெயரிட்டார்கள்.

யந்திரம் தம்முடையதாகவே, எந்நூல் முன், எந்நூல் பின் என்பதை வகுப்பின் தேவையே தீர்மானித்தது. சிறுவர்க்குப் பாலபாடம், இலக்கணங் கற்பார்க்கு 1851இலே நன்னூல் விருத்தியுரை, பொதுசனங்களுக்கு 1852இலே பெரியபுராண வசனம் என அடுத்தடுத்து வெளிவந்தன. பிறர் அச்சுக்கூடத்தாராயின், பெரியபுராணத்தை வசனமாக்கினால் யார் வாங்குவாரென்று முதலில் வினாவியிருப்பர். சந்தியைப் பிரித்து, நிறுத்தக்குறியிட்டு, ஒப்புநோக்கி அச்சிடும் வழக்கத்தையும் தம் விருப்பின்படியே நடாத்தலாயிற்று. புத்தகத்தைக் கையிற்கொண்டு பாடஞ்சொல்வோர்க்கு இது எவ்வளவு பேருதவி!

பாரமும் அவர்களதே. எழுத்து, காகிதம், மை, அச்சுக்கோப்போர் கூலி யாவும் முன்னரே கொடுக்கற்பாலன; விற்றாலன்றி முதல் திரும்பாது. பிரபுக்களின் உதவியை அவர்கள் மறுத்தாரல்லர். திருக்கோவையாருரை 1860இலும் திருக்குறள் பரிமேலழகருரை 1861இலும் வெளிவருதற்கு இராமநாதபுரம் பொன்னுச்சாமித்தேவர் உபகரித்தார். ஆயினும் பாடங்கொள்ளும் அதிகாரம் பொருள் கொடுத்தாரிடஞ் சென்றதில்லை. நாவலரவர்கள் கையிலேயே நின்றது. இதனையே தலையாய பயனென்று மதிக்கின்றோம்.

சென்னைத் தங்கசாலைத் தெருவிலும் ஓர் யந்திரசாலை ஏற்பட்டது. 1879ஆம் வருஷம் டிசெம்பர் மாதம் 5ந் திகதி நாவலரவர்கள் சிவபதமடைந்தபின்னர், யந்திரம் வாங்கச் சென்றபோது உடன்போன சதாசிவப்பிள்ளையே சென்னையிலிருந்து அப்பணியைத் தொடர்ந்து நடாத்தினார்.